துரைமார் வீட்டுச் சாமான்களும் நம் ஊர்ச் சும்மாடும்

(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு)

இவ்வாண்டு எங்கள் பள்ளியில் நடைபெற்ற வரலாற்றுக் கண்காட்சிக்கு வகுப்புதோறும் ஒரு தலைப்பு கொடுக்கப்பட்டது. ஒன்பதாம் வகுப்பினருக்குப் பென்னிகுவிக் கிடைத்தார். எட்டாம் வகுப்பினருக்கு ஏலக்காய். எங்களுக்கு வந்த சீட்டைப் பிரித்துப் பார்த்தால், "விக்டோரியா மகாராணி காலத்தில் குடியேறிய வெள்ளையருக்கு விற்கப்பட்ட வீட்டுச் சாமான்களும் இயந்திரங்களும்" என்று இருந்தது. எங்கள் முகம் வாடிவிட்டது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் குடியேறினார்கள். அவர்கள் என்ன சோப்பு வாங்கினால் கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கும் நமக்கு என்ன? வேறு தலைப்புக் கேட்கலாம் என்று வரலாற்று ஆசிரியையிடம் போனோம். அவர்கள் சிரித்துக்கொண்டே, "முதலில் தையல் அறைக்குப் போய்ப் பாருங்கள். பிறகு அவரவர் வீட்டுப் பரணில் ஏறிப் பாருங்கள். அதற்கப்புறம் வந்து தலைப்பை மாற்றச் சொல்லுங்கள்" என்றார்கள்.

தலைப்பை நாங்கள் மாற்றவில்லை. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறோம்.

வெள்ளையர் நம் ஊருக்குக் குடியேறியவர்களாக வரவில்லை என்பது உண்மை. ஆனால் நம்மைச் சுற்றியுள்ள மலைகளுக்கு வந்தார்கள். கொடைக்கானலில் 1845-ஆம் ஆண்டு அமெரிக்கப் பாதிரிமார்கள் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். மேற்கே, 1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்பவர் பூஞ்சாறு அரசரிடம் கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். 1880-இல் ஏ.எச். ஷார்ப் என்பவர் அங்கே முதன்முதலாகத் தேயிலை நட்டார். தெற்கே, 1886 அக்டோபர் 29-ஆம் நாள் திருவிதாங்கூர் அரசுடன் பெரியாற்று ஒப்பந்தம் கையெழுத்தானது. மறு ஆண்டு அணைவேலை தொடங்கி, 1895 அக்டோபர் 10-ஆம் நாள் வென்லாக் பிரபு திறந்து வைத்தார். ஆக, மூன்று பக்கமும் மலைமேல் வெள்ளையர். நடுவே பள்ளத்தாக்கில் நாம்.

அவர்களுக்கு வேண்டிய பொருள்கள் எங்கிருந்து வந்தன? சென்னை மவுண்ட் ரோட்டில் 1863-இல் தொடங்கிய ஸ்பென்சர் கடை இருந்தது. கடிகாரத்துக்கும் வெள்ளிச் சாமானுக்கும் 1849-இல் தொடங்கிய பி. ஆர் அண்டு சன்ஸ் இருந்தது. லண்டனில் 1871-இல் ராணுவ அதிகாரிகளும் கடற்படை அதிகாரிகளும் சேர்ந்து தொடங்கிய 'ஆர்மி அண்டு நேவி' கூட்டுறவுப் பண்டகசாலை, படம் போட்ட பெரிய விலைப்பட்டியல் புத்தகத்தை அச்சிட்டு வந்தது. மலையில் உட்கார்ந்துகொண்டே அதைப் புரட்டிப் பார்த்து, கடிதம் எழுதிப் பணம் அனுப்பினால், சில மாதங்களில் கப்பலில் சாமான் வந்து சேரும். அந்தக் கடை 1891-இல் பம்பாயிலேயே கிளை திறந்துவிட்டது.

பழைய விளம்பரப் படங்களின் நகல்களை ஆசிரியை வரவழைத்துக் கொடுத்தார்கள். மடக்குக் கட்டில், மடக்கு நாற்காலி, குளிக்கும் தொட்டி, தண்ணீர் வடிகட்டி, சோலாத் தொப்பி, மருந்துப் பெட்டி, உள்ளே தகரம் அடித்த மரப்பெட்டி! வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் பார்க்கப் பார்க்க எங்களுக்கு ஒன்று புரிந்தது. இவற்றில் பாதிக்குமேல் பயத்தை வைத்து விற்றவை. கரையானுக்குப் பயம், வெயிலுக்குப் பயம், ஈரத்துக்குப் பயம், எல்லாவற்றுக்கும் மேலாகக் காய்ச்சலுக்குப் பயம்.

காய்ச்சல் பயம் பொய்யன்று. நம் மலையடிவாரங்களில் மலைக்காய்ச்சல் கொடுமையாக இருந்தது. அது கெட்ட காற்றால் வருகிறது என்றே நெடுங்காலம் எண்ணினார்கள். 1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்த பிறகுதான் உண்மை வெளிப்பட்டது. அதற்கு முன்பே 'பரோஸ் வெல்கம்' என்ற மருந்துக் கம்பெனி, கொய்னா முதலிய மருந்துகளைச் சிறு வில்லைகளாக அழுத்தி, அழகான பெட்டியில் அடுக்கி விற்றது. ஆப்பிரிக்கப் பயணி ஸ்டான்லி இந்தப் பெட்டியைத்தான் கொண்டுபோனார் என்று சொல்லியே விளம்பரம் செய்தது. அந்த வில்லைக்கு 1884-இல் அக்கம்பெனி பதிவு செய்த பெயர் 'டேப்லாய்டு'. இன்று சிறிய அளவுச் செய்தித்தாளுக்கு அப்பெயர் வழங்குவது இதிலிருந்துதான் என்று அறிந்தபோது எங்களுக்கு வியப்பாயிருந்தது.

பிஸ்கட்டின் கதை இன்னும் சுவையானது. இங்கிலாந்தில் ரெடிங் என்ற ஊரில் ஹன்ட்லி அண்டு பாமர்ஸ் என்ற கம்பெனி, கடல் கடந்தாலும் நமத்துப் போகாதபடி தகர டின்களில் பிஸ்கட்டை அடைத்து உலகமெங்கும் அனுப்பியது. 1868 முதல் டின்மேல் வண்ணப்படங்களையும் அச்சிட்டது. பிஸ்கட் தீர்ந்தாலும் டின் தீர்வதில்லை அல்லவா? உகாண்டா நாட்டில் கரையான் புத்தகங்களைத் தின்றுவிடுமாம். ஆகவே அந்த நாட்டு மொழியில் வேதாகமத்தை அச்சிட்டபோது, இந்த பிஸ்கட் டின்னுக்குள் சரியாக அடங்கும் அளவில் அச்சிட்டார்களாம். இதைக் கேட்டுச் சகோதரிகள் மிகவும் மகிழ்ந்தார்கள்.

டின் உணவில் எல்லாத் துரைமாருக்கும் ஆசை இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. கென்னி ஹெர்பர்ட் என்ற ராணுவ அதிகாரி சென்னையில் இருந்தபோது 1878-இல் ஒரு சமையல் புத்தகம் எழுதினார். விருந்து என்றாலே சீமை டின்னைத் திறக்கிறார்களே, பக்கத்துச் சந்தையில் நல்ல காய்கறியும் மீனும் கிடைக்கவில்லையா என்ற கருத்தை அதில் வலியுறுத்துகிறார். எங்கள் வீட்டுச் சமையலறையில் அம்மா சொல்வது போலவே இருக்கிறது! மாறாக, ஃபிளாரா ஆனி ஸ்டீல், கிரேஸ் கார்டினர் என்னும் இரு பெண்மணிகள் 1888-இல் வெளியிட்ட இல்லறக் கையேடு, சாமான் அறையைப் பூட்டி வைத்து, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் துரைசானியே அளந்து கொடுக்க வேண்டும் என்கிறது. வேலைக்காரர்மேல் அவ்வளவு நம்பிக்கை!

எங்களுக்குப் பிடிக்காத விளம்பரம் ஒன்றும் உண்டு. பியர்ஸ் சோப்பு விளம்பரம். 1899-ஆம் ஆண்டு கிப்ளிங் என்ற ஆங்கிலக் கவிஞர் 'வெள்ளையனின் சுமை' என்று ஒரு பாட்டு எழுதினார். மற்ற நாட்டாரைத் திருத்துவது வெள்ளையர் சுமக்கவேண்டிய பாரம் என்பது அதன் பொருள். அதே ஆண்டில் பியர்ஸ் கம்பெனி, கப்பல் தளபதி ஒருவர் வெள்ளுடையில் கைகழுவும் படத்தைப் போட்டு, அந்தச் சுமையை இலேசாக்கும் முதல் படி சுத்தத்தைக் கற்பிப்பதுதான், அதற்கு எங்கள் சோப்பு என்று விளம்பரம் செய்தது. எங்கள் பாட்டிமார் சீயக்காயும் பயத்தமாவும் தேய்த்துக் குளித்தார்கள். உவர்மண்ணில் துணி வெளுத்தார்கள். சுத்தம் கப்பலில் வந்து இறங்கியது என்று சொன்னால் எப்படி ஒப்புக்கொள்வது?

இந்தச் 'சுமை' என்ற சொல்தான் எங்கள் வகுப்பில் ஒரு சண்டையைக் கிளப்பிவிட்டது.

கண்காட்சி அட்டைகளை எழுதிக்கொண்டிருந்தோம். முதல் அட்டையில், "ஆங்கிலேயர் இப்பொருள்களை மலைக்குக் கொண்டு சென்றனர்" என்று அழகான கையெழுத்தில் எழுதியாயிற்று. எங்களுள் ஒருத்தி அதைப் படித்துவிட்டு, "இது தப்பு. அவர்கள் எங்கே கொண்டு சென்றார்கள்? எங்கள் பூட்டனார் அல்லவா கொண்டு சென்றார்!" என்றாள். அவளுடைய குடும்பம் போடிப் பக்கம். மலைக்குத் தலைச்சுமை தூக்கிய குடும்பம். "வாக்கியத்துக்காக அப்படி எழுதியிருக்கிறோம், இதில் என்ன?" என்று இன்னொருத்தி சொன்னாள். "வாக்கியத்தில் விட்டுவிட்டால் வேறு எங்கே எழுதுவீர்கள்?" என்று அவள் கேட்டாள். அழுதும்விட்டாள். இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சே இல்லை. பிறகுதான் அந்தச் சாமான்கள் மேலே ஏறிய வழியைத் தேடத் தொடங்கினோம். உண்மையில் எங்கள் ஆராய்ச்சி அங்கேதான் ஆரம்பமாயிற்று.

கொடைக்கானலுக்கு இன்று வத்தலக்குண்டு வழியாகப் பேருந்து போகிறது. இந்த மோட்டார் சாலை இருபதாம் நூற்றாண்டில், முதல் உலகப்போர்க் காலத்தை ஒட்டித்தான் முடிந்தது. அதற்கு முன் அம்மையநாயக்கனூரில் ரயிலைவிட்டு இறங்கி, இரவெல்லாம் மாட்டுவண்டியில் வந்து, பெரியகுளத்துக்கு அருகில் கிருஷ்ணம நாயக்கன் தோப்பில் தங்கி, அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு மைல் ஒற்றையடி மலைப்பாதையில் ஏற வேண்டும். துரைமார் குதிரையில் ஏறினார்கள். துரைசானிகளையும் குழந்தைகளையும் நாற்காலியில் உட்கார வைத்து ஆட்கள் தூக்கினார்கள். கட்டில், பெட்டி, பீங்கான், விளக்கு, பிஸ்கட் டின் யாவும் தலைச்சுமைதான். விலைப்பட்டியலில் மடக்குக் கட்டிலும் மடக்கு நாற்காலியும் ஏன் அத்தனை பக்கம் நிரப்பின என்பது இப்போது விளங்கியது. தூக்குகிறவன் தலையில் ஏறக்கூடிய அளவில் இருந்தால்தான் அந்தப் பண்டம் மலைக்கு வரும். அவன் எந்தப் படத்திலும் இல்லை. ஆனால் சீமையில் சாமான் செய்கிறவன் அவன் தலையை அளந்துதான் செய்திருக்கிறான்.

மூணாற்று மலைக்கும் அவ்வாறே. போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணி, கொட்டகுடி வழியாக மேலே ஏறும் பாதையில் அரிசி முதல் இயந்திர உறுப்பு வரை போயிற்று. தேயிலைத் தொழிலுக்கு வேண்டிய இயந்திரங்கள் எல்லாம் சீமைச் சரக்குகள். தேயிலையை உலர்த்தும் 'சிராக்கோ' என்ற அடுப்பை, இந்தியாவில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த டேவிட்சன் என்பவர் உருவாக்கி, 1881-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் தொழிற்சாலை தொடங்கினார். இலையை உருட்டும் இயந்திரங்களையும் நீராவி எஞ்சின்களையும் கெயின்ஸ்பரோ நகரத்து மார்ஷல் கம்பெனி செய்து அனுப்பியது. எங்கள் சுற்றுலாவில் மூணாறு தேயிலை அருங்காட்சியகத்துக்குப் போனபோது 1905-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஓர் உருட்டு இயந்திரத்தைக் கண்டோம். மகாராணி 1901-இல் காலமாகிவிட்டார். நான்கு ஆண்டு தள்ளியது என்றாலும் அதே மாதிரிதான். காவலர் பாராத நேரத்தில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து தள்ளிப் பார்த்தோம். அசையவில்லை.

மாடுகட்டி இழுக்கும் ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்றை 1902-இல் மூணாற்றுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே போட்டார்கள். 1908-இல் அதைச் சிறிய ரயில்பாதையாக மாற்றினார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குச் சுமார் 5 கிலோமீட்டர் தூரம் கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் தொங்கிக்கொண்டே இறங்கின. அங்கிருந்து போடிக்கு 15 கிலோமீட்டர் மாட்டுவண்டி. கடைசியில் தூத்துக்குடித் துறைமுகம். 1924-ஆம் ஆண்டு பெருவெள்ளத்தில் அந்த ரயில்பாதை அழிந்துவிட்டது. போடிக்கு ரயில் வந்ததோ 1928-இல்தான். அதற்கு முந்திய காலமெல்லாம் நம் ஊர்க் காளைகளும் நம் ஊர் ஆட்களுமே ரயில்.

பெரியாற்று அணைக்கும் சீமையிலிருந்து இயந்திரங்கள் வந்தன. அடிவாரத்திலிருந்து சுண்ணாம்பை மேலே ஏற்றக் கம்பிவடப் பாதை அமைத்தார்கள். மலையைக் குடைய அழுத்தக் காற்றால் இயங்கும் துளைப்பான்களைப் பயன்படுத்தினார்கள். ஆனால் சீமைச் சிமெண்டை மலைபோல வாங்கவில்லை. சுண்ணாம்பும் சுருக்கியும், அதாவது சுட்ட செங்கற்பொடியும், கலந்த காரைதான் அணையின் உள்ளே பெரும்பகுதி. ஒன்பதாம் வகுப்பினர் இதைத் தங்கள் பென்னிகுவிக் மேசையில் எழுத மறந்துவிட்டார்கள். நாங்கள் எங்கள் மேசையில் எழுதிக்கொண்டோம். விலைப்பட்டியலில் இருப்பதையெல்லாம் வாங்கித்தான் தீரவேண்டும் என்பதில்லை என்று அந்தப் பொறியாளர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இனிப் பரணில் கண்ட பொருள்களைச் சொல்ல வேண்டும். சீமைச் சாமான் மலைக்கு ஏறியது. அதன் மிச்சம் நம் வீட்டுக்கு இறங்கியது. அமெரிக்க மண்ணெண்ணெய் நான்கு காலன் சதுர டின்னில் வந்தது. எண்ணெய் மலையில் எரிந்தது. காலி டின் கீழே வந்து, கட்டை அடித்துத் தண்ணீர் சுமந்தது. மூடி போட்டுத் தானியம் காத்தது. வெட்டி விரித்துக் கூரையும் ஆயிற்று. 1829-இல் லண்டனில் ஹென்றி ராபின்சன் பாமர் என்பவர் காப்புரிமை பெற்ற நெளி இரும்புத் தகடு, ஒன்றன்மேல் ஒன்று அடங்கி உட்கார்ந்துகொள்வதால் கப்பலில் இடம் அடைக்காது. இன்று 'தகரக் கொட்டகை' என்றால் சீமைப் பண்டம் என்று யாருக்குத் தோன்றும்? டீட்ஸ் முதலிய அமெரிக்கக் கம்பெனிகள் செய்த காற்றுக்கு அணையாத விளக்கு, நம் நாவில் 'அரிக்கேன் விளக்கு' ஆகி, தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகும் தாத்தாமார் கையில் நெடுங்காலம் இருந்தது. எங்கள் வகுப்பில் பதினோரு வீட்டுப் பரண்களில் அது கிடைத்தது. மூன்றில் கண்ணாடி உடையாமல் இருந்தது.

தையல் அறையில் இருப்பது சிங்கர் மிஷின். அது அவ்வளவு பழையது அன்று. என்றாலும் அதன் குலம் பழையது. அமெரிக்காவில் 1851-இல் ஐசக் சிங்கர் காப்புரிமை பெற்ற மிஷின் அது. சில ஆண்டுகளிலேயே அந்தக் கம்பெனி தவணை முறையில் விற்கத் தொடங்கியது. ஸ்காட்லாந்தில் கிளைடுபேங்க் என்ற ஊரில் 1885-இல் திறந்த பெருந்தொழிற்சாலையிலிருந்து உலகெங்கும் அனுப்பியது. இலங்கையில் 1877-லேயே சிங்கர் கடை வந்துவிட்டது. முதலில் துரைசானிக்கு விற்றார்கள், பிறகு தையற்காரருக்கு, பிறகு தவணை கட்டி நம் பெண்களும் வாங்கினார்கள். துரைசானிக்கு அது பொழுதுபோக்கு. எங்கள் பள்ளியில் தையல் கற்றுப்போன அக்காமாருக்கு அது சோறு.

காந்தியடிகள் இயந்திரங்களை விரும்பாதவர் என்று படித்திருக்கிறோம். ஆனால் 1924-இல் ராமச்சந்திரன் என்ற இளைஞர் இதைப் பற்றி அவரிடம் கேட்டபோது, சிங்கர் தையல் மிஷினுக்கு விலக்கு உண்டு என்று சொன்னாராம். தன் மனைவி கையால் தைத்துத் தைத்துச் சோர்வதைக் கண்ட அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்பது காந்தியடிகள் கூறிய காரணம். கேள்வி கேட்ட அந்த இளைஞர்தான் பிற்காலத்தில், தம் துணைவியார் டாக்டர் சௌந்தரம் அம்மையாருடன் சேர்ந்து திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர். நம் பக்கத்து ஊரில் இருந்தவர் கேட்ட கேள்வி!

அட்டைச் சண்டை எப்படி முடிந்தது என்று சொல்லவில்லையே. ஆசிரியை தீர்ப்புச் சொல்லவில்லை. "நீங்களே எழுதியது, நீங்களே திருத்துங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். பழைய அட்டையைக் கிழித்துவிட்டு, "இப்பொருள்கள் லண்டனில் விற்கப்பட்டன, போடியிலும் பெரியகுளத்திலும் கூடலூரிலும் இருந்த மக்களால் மலைக்குச் சுமக்கப்பட்டன" என்று புதிதாக எழுதினோம். மேசையின் நடுவில் ஒரு சும்மாட்டை வைத்தோம். பழம்புடவையைச் சுருட்டி அவளுடைய அம்மா செய்து கொடுத்தது. மற்றப் பொருள்களுக்கெல்லாம் கம்பெனிப் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதிய நாங்கள், அதற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல், "சும்மாடு. விலைப்பட்டியலில் இல்லை" என்று மட்டும் எழுதினோம்.

கண்காட்சிக்கு வந்த பெற்றோர் பிஸ்கட் டின்னைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தார்கள். தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருவர் மட்டும் சும்மாட்டின் முன் நின்றார். எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். கொடுத்தோம். கையில் அழுத்திப் பார்த்துவிட்டு, "இது தண்ணிக்குடத்துக்குப் போடுறது, தாயி. மலைக்குப் போறவன் இன்னும் இறுக்கிச் சுத்துவான். இல்லாட்டிப் பாதி மேட்டுல அவுந்து போகும்" என்று சொல்லி, அதைப் பிரித்து, தம் முழங்காலில் வைத்து இறுக்கிச் சுற்றி, எங்களிடம் திருப்பிக் கொடுத்தார். எந்த ஊர், எந்த மலைக்குப் போவீர்கள் என்று கேட்பதற்குள் கூட்டத்தோடு நகர்ந்துவிட்டார்.

மாலையில் மேசையை ஒழித்துக்கொண்டிருந்தபோது, மண்ணெண்ணெய் டின்னை இரவல் கொடுத்த பாட்டி வாசலில் வந்து காத்திருந்தார்கள். நான்கு நாளாக உளுந்தைத் தரையில் கொட்டி வைத்திருக்கிறார்களாம்; எலி வருகிறதாம். டின்மேல் நாங்கள் ஒட்டியிருந்த சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினார்கள்.